சென்னை வெயிலுக்கு ஏற்ற டெவலப்பர்: டி-23 வீட்டிலேயே கலக்கலாம்

கறுப்பு வெள்ளை ஷீட் பிலிமை, அதாவது சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் பிலிமை, வீட்டில் கழுவ எந்த டெவலப்பர் (உருவத்தை வெளிக்கொணரும் மருந்து) நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டி-23. கோடாக் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1944இல் வெளிவந்த ஃபார்முலா. உருவத்தைக் கறுக்க வைக்கும் மெட்டால் தூள் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர். அவ்வளவுதான். டி-76 எனும் இன்னொரு டெவலப்பருக்குப் போல ஹைட்ரோகுவினோன், போராக்ஸ் எதையும் தேடி அலைய வேண்டாம்.

சாமான் குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைப் பதினோரு மணி வெயிலில் எடுத்துப் பாருங்கள். படிக்கட்டு வெள்ளையாக எரியும், மண்டப நிழல் கரியாக இருக்கும். டி-23 மென்மையாக வேலை செய்வதால் அந்த வெள்ளை நெகட்டிவில் அடைத்துக்கொள்ளாது. கல்லின் வரி பிரிண்டில் தெரியும்.

மருந்து வாங்கும்போது பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். நமக்கு வேண்டியது சல்ஃபைட். சல்ஃபேட் அல்ல, பைசல்ஃபைட் அல்ல, ஹைப்போ எனும் தயோசல்ஃபேட்டும் அல்ல. நீரற்ற தூளாக, அதாவது அன்ஹைட்ரஸாகக் கேளுங்கள். பாட்டிலில் 7 ஹெச்2ஓ என்று போட்டிருந்தால் அது படிகம், 200 கிராம் போட வேண்டும். மெட்டாலை நிறுக்க நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். அதைத் தொடும்போது கையுறை கட்டாயம், சிலருக்குத் தோல் வெடித்துப் புண்ணாகும். சல்ஃபைட் தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் கறார். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு சல்ஃபைட்டோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் படியும், அது பிலிமில் ஒட்டும். வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் நன்றாகவே வேலை செய்கிறது.

750 மில்லி தண்ணீரை 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுவதும். புரசைவாக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என் மாமா, "மெட்டால் கரையாம அடுத்த டப்பாவைத் தொறக்காதடா" என்பார். காரணம் உண்டு: சல்ஃபைட் அடர்ந்த தண்ணீரில் மெட்டால் லேசில் கரையாது. அந்த முதல் சிட்டிகை மெட்டால் காற்றுப்பட்டுப் பழுப்பாகாமல் காக்க மட்டுமே. கண்ணாடிக் குச்சியால் நிதானமாகக் கலக்குங்கள், நுரை பொங்க அடிக்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு துகள்கூட மிதக்கக் கூடாது. அதன்பின் மீதி சல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டியாகிக் கல்லாக உட்காரும். முதலில் பால் போலக் கலங்கும், சில நிமிடத்தில் தெளியும். தண்ணீர் விட்டு 1 லிட்டராக்கி, பழுப்பு பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மருந்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஓர் இரவு ஆறட்டும்.

புத்தகங்கள் 20 டிகிரி என்கும். மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாடு. நான் 24 டிகிரியில் கழுவுகிறேன், நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் மருந்து நீர்த்துவிடும். அகலமான பேசினில் ஐஸ் தண்ணீர் விட்டு அதற்குள் டிரேயை வையுங்கள். அடுத்துப் போடும் ஃபிக்சரும் (உருவத்தை நிலைநிறுத்தும் மருந்து) அலசும் தண்ணீரும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 24இலிருந்து எடுத்த பிலிமை 33 டிகிரி குழாய்த் தண்ணீரில் போட்டால் ஊறி இளகிய ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடிக்கலாம்.

கழுவும் நேரத்தில் ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, ஒரு முறையோடு கொட்டிவிடுங்கள். 4x5 அங்குல ஷீட் நான்குக்கு இந்தக் கலவை 1 லிட்டர் தாராளம். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் பிலிமுக்கு 24 டிகிரியில், டிரேயை விடாமல் அசைத்துக்கொண்டு, ஏழரை நிமிடத்தில் தொடங்குங்கள். நிழலில் விவரம் இருந்தும் நெகட்டிவ் சப்பென்று இருந்தால் அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். இந்த பிலிம் பான்குரோமாட்டிக், அதாவது எல்லா நிற வெளிச்சத்தையும் உணரும், ஆகவே முழு இருட்டு வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக நனைத்தெடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு டெவலப்பரில், பிலிமின் மருந்து பூசிய பக்கம் மேலே இருக்க, அடியிலுள்ள ஷீட்டை உருவி மேலே வைத்து மெல்ல அமுக்குங்கள். முனை அடுத்த ஷீட்டைக் கீறாமல் பார்த்துக்கொள்வதுதான் பழக வேண்டிய வேலை. புதியவர்கள் ஒரு ஷீட்டோடு ஆரம்பிக்கட்டும்.

பச்சைக்கு உணர்வுள்ள எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போடுகிறவர்கள் மங்கிய சிவப்பு விளக்கில் உருவம் ஏறுவதைப் பார்த்தே கழுவலாம். அதில் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் டிரேயின் அடியில் வழவழப்பான கண்ணாடித் தகடு போடுங்கள்.

பாட்டில் பாதி காலியானால் மீதியைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள். டீ நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வெளிச்சம் பட்ட பிலிம் துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே அதில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் நன்றாகக் கறுக்காவிட்டால் அந்த மருந்தில் நல்ல ஷீட்டைப் போட வேண்டாம்.