பட்டுநூல் வளையல் ஆன்லைனில் விற்க: அளவு, நிறம், விலை, பார்சல்

கைவேலை நகை விற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஜிமிக்கி, டெரகோட்டா, ரெசின், வளையல் என்று எல்லாவற்றுக்கும் சாமான் வாங்கிக் குவித்துவிடுகிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒரே பொருள் போதும். கொங்குப் பக்கம் தொடங்குவதென்றால் பட்டுநூல் வளையலைத்தான் சொல்வோம். சிறுமுகை சாஃப்ட் சில்க்கோ இளம்பிள்ளைச் சேலையோ எடுத்த கையோடு அதற்கு மேட்சிங் வளையல் தேடுகிறார்கள். கல்யாண வீட்டில் இணைச்சீர்ச் சடங்கு செய்யும் மாப்பிள்ளையின் அக்கா தங்கைக்கும் வேண்டும், வளைகாப்புக்கும் வேண்டும்.

சாமான் கொஞ்சம்தான்: பிளாஸ்டிக் வெறும் வளையல், பட்டுநூல் கண்டு, துணி ஒட்டும் பசை, குந்தன் கல், ஸ்டோன் செயின். கோவையில் ராஜ வீதி, பெரியகடை வீதிப் பக்கத்து ஃபேன்சி மொத்தக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். அரக்கு, ராமர் பச்சை, மயில்கழுத்து, ராணி பிங்க், மாம்பழ மஞ்சள், தங்க நிறம் என்று ஆறு நிறம் முதலில் வாங்குங்கள். கண்டின் மேலுள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். அதே எண் என்றாலும் சாயம் போட்ட தவணை மாறினால் நிறம் லேசாக மாறும். ஒரு செட்டுக்கு வேண்டிய நூலை ஒரே கண்டிலிருந்து எடுப்பதுதான் பத்திரம்.

சுற்றும் முன் வெறும் வளையலை விரலால் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த கோடு மேடாக நிற்கும். உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் நூலுக்கு மேலும் அந்த வரி தெரியும். 20 இழையைச் சேர்த்து, முறுக்கு விழாமல் பட்டையாகப் பரப்பிச் சுற்ற வேண்டும். முறுக்கினால் பளபளப்பு போய்விடும். பசை வளையலின் உட்பக்கம் மட்டும், தொடக்கத்திலும் முடிவிலும், இடையில் சில சுற்றுக்கு ஒரு பொட்டும் போதும். கூடினால் நூலில் ஊறி, வெளிர் நிறத்தில் கறையாக நிற்கும். கல் ஒட்ட ஃபெவிக்விக் வேண்டாம்: நூல் விறைக்கும், கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். பி-6000 மாதிரியான பசை தொட்டால் காய்ந்தது போலிருக்கும்; ஆனாலும் 24 மணி நேரம் விட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். அதற்கு முன் மூடினால் கல் கழன்று வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும்.

இனி அளவு. திரும்பி வரும் பார்சலுக்கு முக்கியக் காரணம் இதுதான். வளையல் கணக்கில் புள்ளிக்குப் பின் வருவது ஒரு இஞ்சில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் இஞ்சு, உள்விட்டம் 57 மி.மீ. 2.6 சுமார் 60 மி.மீ., 2.8 என்பது 63.5 மி.மீ. 2.10 அதைவிடப் பெரியது, 2.2 இவை எல்லாவற்றையும்விடச் சின்னது. ஒரு அளவுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.தான். நூல் சுற்றியதும் உள்விட்டம் ஏறக்குறைய ஒரு மி.மீ. குறையும், கண்ணாடி வளையல் போல வழுக்கிக்கொண்டும் ஏறாது. ஆகவே "அக்கா, சைஸ் ரெண்டு ஆறுங்க, சீக்கிரம் அனுப்புங்க" என்று செய்தி வந்தால் உடனே நூலை எடுக்காதீர்கள். இப்போது போடும் வளையலை ஸ்கேலின் மேல் வைத்து, உள்பக்கம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கேளுங்கள். அகலமான கடா வளையலுக்கு ஒரு அளவு கூட்டிச் சொல்வது நல்லது.

நிறத்துக்கு, சேலையின் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் சேலை நிறத்தையும் நம்ப முடியாது. சாஃப்ட் சில்க்கில் பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறமாக இருந்தால் சாய்த்துப் பார்க்கையில் நிறம் மாறும். இரண்டு கோணத்தில் படம் வேண்டும். பிறகு நூல் கண்டைப் படமெடுத்து அனுப்பி, "இதுதான்" என்று அவர் எழுத்தில் சொன்ன பிறகு பணம் வாங்குங்கள். நீங்கள் போடும் படங்களும் காலை வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் இருக்கட்டும்.

விலையில் பலர் நூல், கல் விலையோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு செட்டுக்குச் சாமான் 90 ரூபாய், சேதாரம் 9, டப்பாவும் அட்டைப்பெட்டியும் 25, இரண்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 70 வீதம் 140 என்று வையுங்கள்: 264. படம் எடுப்பது, பதில் சொல்வது, திரும்பி வருவது ஆகியவற்றுக்குக் கால் பங்கு, 66. ஆக 330. கொரியர் தனி. உங்கள் கூலியை விட்டுக்கொடுத்து விலை குறைத்தால் ஆர்டர் கூடக்கூடக் களைப்புத்தான் கூடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் இன்ஸ்டாகிராம் பக்கமும் தொடங்கப் போதும். சொல்லிச் செய்யும் வளையலுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்குங்கள். கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று பாருங்கள். உங்களுக்குப் பணம் போடுவதாகச் சொல்லி உங்களையே கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னால் அது ஏமாற்று. பணம் பெறுவதற்கு ஸ்கேன் தேவையே இல்லை.

பெட்டி சின்னதாக இருக்கட்டும். பல கொரியர்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொண்டும் எடை பார்ப்பார்கள். 20×15×10 பெட்டி 600 கிராம் கணக்காகும், உள்ளே 200 கிராம்தான் இருந்தாலும். 12×10×8 போதும். மூடியபின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆதார் வைத்து இணையத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் போக வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விதி வேறு, ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அப்போதுதான் தங்க நிறமும் அரக்கும் 2.4, 2.6-இல் சுற்றி வைக்க வேண்டும். ஆவணியும் தையும் பிறந்தால் எல்லாரும் ஒரே முகூர்த்தத்துக்குக் கேட்பார்கள். சுற்ற இரண்டு நாள், காய ஒரு நாள், கொரியருக்கு மூன்று நாள், அளவு மாறினால் திருப்பிச் செய்ய நான்கு நாள் என்று வைத்து, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே அந்தத் தேதிக்கான ஆர்டரை நிறுத்திவிடுங்கள்.