காளான் குடிலுக்குச் சென்சார் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிப்பிக்காளான் குடிலில் ஈரப்பதம் 80 முதல் 90 விழுக்காடு வரை இருக்க வேண்டும். மொட்டு விடும் பருவத்தில் கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவைத் தாண்டித் தேங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். இவ்விரண்டையும் அளந்து தெளிப்பானையும் மின்விசிறியையும் இயக்க இஎஸ்பி32 என்ற நிரலிடக்கூடிய சிறு மின்னணுப் பலகை ஒன்று போதும். ஆனால் அதனுடன் இணைக்கும் சென்சார் தவறானதாக இருந்தால், நிரல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

கார்பன் டை ஆக்சைடை அளக்க, விலை மலிவு என்பதற்காக எம்க்யூ-135 என்ற வாயு சென்சாரை வாங்குவதே பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. சூடேற்றப்பட்ட வெள்ளீய ஆக்சைடின் மின்தடை அம்மோனியா, ஆல்கஹால், புகை போன்றவற்றால் மாறுவதை வைத்து அது இயங்குகிறது. அந்த மாற்றத்தை ஒரு சூத்திரத்தில் இட்டுக் கார்பன் டை ஆக்சைடு என்று காட்டும் நிரல்கள் கிடைக்கின்றன. திரையில் எண் வரும், ஆனால் அது அளவீடு ஆகாது. சிசிஎஸ்811, எஸ்ஜிபி30 ஆகிய சென்சார்களும் கரிம ஆவி போன்ற வேறு வாயுக்களை அளந்து, அவை மனித மூச்சோடு வந்தவை என்று கொண்டு ஊகித்தே சொல்கின்றன. வைக்கோலைப் பார்மலின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைக்கும் இடத்தில் அந்த ஊகம் சிறிதும் பொருந்தாது.

ஆகவே கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதைக் கொண்டு அளக்கும் எம்எச்-இசட்19, எஸ்சிடி30, எஸ்சிடி41 போன்றவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றிலும் ஒரு பொறி உண்டு: தானியங்கி அளவுத்திருத்தம். குறிப்பிட்ட கால இடைவெளியில் தனக்குக் கிடைத்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் 400 பிபிஎம் என்று சென்சார் எடுத்துக்கொள்கிறது. தினமும் திறந்து மூடும் அலுவலக அறைக்கு இது சரி. காளான் இரவும் பகலும் மூச்சுவிடும் குடிலிலோ, மிகக் குறைந்த அளவே 900 ஆக இருக்கலாம். அதை 400 என்று திருத்திக்கொண்ட சென்சார் உண்மை அளவு 1400 ஆகும்போதும் 900 என்றே சொல்லும், மின்விசிறி சுழலாது. இந்த வசதியை நிறுத்திவிட்டு, திறந்தவெளியில் வைத்து நாமே திருத்துவது நல்லது. எஸ்சிடி41-இல் ஒப்பீட்டு அளவை நாமே கொடுக்கலாம் என்பதால், இன்றைய வெளிக்காற்று 420 பிபிஎம் அளவைத் தாண்டிவிட்டதையும் கணக்கில் கொள்ள முடியும். சுமார் 2240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே இருப்பதால், உயரத்தைப் பதிவு செய்யாவிட்டால் அளவு குறைவாகவே தெரியும்.

ஈரப்பதத்திற்கு டிஎச்டி11 வேண்டாம். ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ காட்டும் கருவியைக் கொண்டு 85-க்கும் 90-க்கும் இடையே முடிவெடுக்க இயலாது. இரண்டு விழுக்காட்டுத் துல்லியமுள்ள எஸ்எச்டி31 ஏற்றது. ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 சென்சாரின் பெயரில் ஈரப்பதமே அளக்காத பிஎம்பி280 விற்கப்படுவதும் உண்டு: முன்னது சதுரச் சில்லு, பின்னது சற்று நீள்சதுரம்.

எங்கே பொருத்துகிறோம் என்பதும் தேர்வைப் போலவே முக்கியம். சென்சாரை இஎஸ்பி32-க்கு அருகிலேயே ஒரே பெட்டியில் அடைத்தால் பலகையின் வெப்பம் அதைச் சூடாக்கும். 25 டிகிரி செல்சியஸில் 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, ஒரே ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 85 என்று காட்டும். தெளிப்பான் தேவையின்றி ஓடி, படுக்கைகள் நனைந்து அழுகும். எனவே சென்சாரைத் தனிக் கம்பியில் வெளியே எடுத்து, தெளிப்பானின் துளிகள் நேரே படாத இடத்தில், நீர் புகாமல் ஆவி மட்டும் புகும் சவ்வு மூடியோடு தொங்கவிட வேண்டும்.

ஈரப்பதம் நீண்ட நாள் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஈரப்பத சென்சார்கள் சில விழுக்காடு கூடுதலாகக் காட்டத் தொடங்கும். அதைச் சோதிக்க, சமையல் உப்பைச் சிறிது நீர்விட்டு ஈரமணல் பதத்தில் குழைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சென்சாரோடு ஓர் இரவு மூடிவைக்கலாம். உப்பு சென்சாரைத் தொடக்கூடாது. 25 டிகிரியில் உள்ளே 75 விழுக்காடு நிலைத்திருக்கும். அதற்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நிரலில் கழித்துக்கொள்ள வேண்டும்.