டெல்லிக் குளிரில் லினோ செதுக்குபவர்களுக்கு

செதுக்க உட்காரும் முன் லினோ பலகையை (செதுக்கி, மை தடவி, தாளில் படம் அச்சிடப் பயன்படும் லினோலியம்) வெந்நீர்ப் பையின் மேல் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் விறைத்துக் கிடக்கும் லினோ, அப்புறம் வாழைத்தண்டு போல வெட்டுப்படும்.

லினோலியம் என்பது கெட்டிப்படுத்திய ஆளிவிதை எண்ணெயில் கார்க் தூள், மரத்தூள் கலந்து சணல் துணியில் படியவைத்தது. குளிரில் அது இறுகிவிடுவதால் உளி வழுக்கும், கோட்டின் ஓரம் பொடியாக உதிரும். இளஞ்சூட்டில் சீவல் சுருள் சுருளாக வரும். அழுத்தம் குறைவதால் கையில் வெட்டுப்படுவதும் குறைகிறது. ஆறிவிட்டால் திரும்பவும் பையின் மேல் வையுங்கள்.

மெல்லிய கோடுகளுக்கு இது ரொம்பவே உதவும். வங்க ஓவியர் சித்தபிரசாத்தின் லினோ அச்சுகளைப் பாருங்கள், கறுப்புக்குள் ஓடும் வெள்ளைக் கோடுகளில் எவ்வளவு உயிர்! பக்கத்தில் அச்சுப் போடும் நண்பர் இருந்தால் அவர் அச்சிட்ட தாளை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மை எங்கே தடித்தது, உளி எங்கே திரும்பியது என்பது கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரியாது.

ரப்பர், வினைல் பலகைக்கு இந்தச் சூடு வேண்டாம். ஏற்கெனவே மிருதுவானவை, கோடு பிசிறும். மே, ஜூன் மாதங்களில் சாதா லினோவுக்கும் தேவைப்படாது. பழசாகி, வளைத்தாலே விரிசல் விடும் லினோவைச் சூடு காப்பாற்றாது, புதிது வாங்குங்கள்.