ஊர் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகலாம், எப்படிப் போகலாம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்க்காரர்களுக்கு நான் கம்பவுண்டர். ஊர் ஆஸ்பத்திரியில் என்னென்ன கிடைக்கும் என்பது ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது என்பதை மருந்து ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தே தெரிந்துகொண்டேன். இங்கே சும்மா கொடுக்கிற மாத்திரையைக் காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே செய்ய முடியாத வைத்தியத்துக்கு இங்கே காத்திருந்து நேரத்தைத் தொலைக்கிறவர்களும் உண்டு. இரண்டையும் தவிர்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1943-இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய, சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். காசு இல்லாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று 1946-இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதோடு சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்களும் வர ஆரம்பித்தன. இன்றைய கணக்குப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதன் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் நகரத்தார் வீடு மட்டும் கட்டவில்லை. ஊருணி வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், வைத்தியசாலைக்கும் பிரசவ விடுதிக்கும் இடமும் கட்டடமும் கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தின் பிரசவ அறை அப்படி வந்ததுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வாசலில் கொடுத்தவர் பெயரோடு கல்வெட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கல்வெட்டைத் துடைத்து முழுக்கப் படித்தேன். யாரோ தன் ஊர்ப் பெண்களை நினைத்துக் கட்டிய அறை அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் இந்த இரண்டு நாளையும் விட்டு மற்ற நாட்களில் காலையிலேயே வந்தால், டாக்டர் உங்களிடம் நின்று பேச நேரம் இருக்கும். சர்க்கரை பரிசோதனை என்றால் வெறும் வயிற்றில் வாருங்கள். வரும்போது டிபன் டப்பாவில் இட்லி எடுத்து வாருங்கள். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. பழைய நோட்டையும், வேறு எங்காவது வைத்தியம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும், தின்றுகொண்டிருக்கிற மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மறக்காமல் கொண்டு வாருங்கள். டாக்டருக்கு அந்தப் பைதான் பாதி வைத்தியம்.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது என் வேலை. அட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது மட்டமான மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று அமைத்து, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மருந்து வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினும் வெள்ளை, காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாரசிட்டமாலும் வெள்ளை. "கம்பவுண்டர் தம்பி, அந்த வெள்ளை மாத்திரையைத்தான் ரெண்டு வேளையும் போடுறேன்" என்று ஓர் ஆச்சி சொன்னபோது, எந்த வெள்ளை என்று கண்டுபிடிக்க அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு உறை மேல் பேனாவால் படம் போட்டுக் கொடுப்பேன். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, சாப்பிட்ட பிறகு என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதையே செய்யுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிய்த்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கிற பக்கத்தைக் கடைசி வரை வைத்திருங்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வளவு வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆச்சிகளும் அப்பத்தாக்களும் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்கள் மாத்திரைக்காக நடக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஊர் நர்சம்மாவிடம் பெயரைச் சொல்லிப் பதிந்தால் போதும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் ஒரு போன் போட்டு இதைக் கேட்டுச் செய்து கொடுக்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும், 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்துவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பதாக இருந்தாலும் பதிய வேண்டும். அப்போது கிடைக்கும் பிக்மி எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். மகப்பேறு நிதியுதவிக்கும் அதே எண்தான். அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர். நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் டாக்டராகி, பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர். மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 தவணையாக வங்கிக் கணக்கில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. வங்கிக் கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்கட்டும். ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து ஊசியை இங்கேயே சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றுவார்கள். சுகப்பிரசவம் இரவிலும் பார்க்க நர்சுகள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு 48 மணி நேரமாவது இருந்துவிட்டுப் போங்கள், நல்ல நேரம் பார்த்து அவசரமாகக் கிளம்ப வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் விட 102 வண்டி உண்டு, இலவசம்.

அடுத்து, அவசரம். சீமைக்கருவேல விறகு வெட்டப் போகிற இடத்தில் பாம்புக் கடி சகஜம். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கக் கொண்டு போகாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் கம்பு வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இங்கே முதலில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. அந்த 20 நிமிஷத்தில் "ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்று சத்தம் போடுகிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். பதற்றம் புரிகிறது, ஆனால் அதுவும் வைத்தியம்தான். இன்னொன்று, கட்டுவிரியன் ராத்திரி தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தானாக மூடுவது என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் ஊசிக்கு வாருங்கள். முதல் ஊசி நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் திரும்ப வர வேண்டும். கடைசி ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். அதற்குக் காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், தாமதிக்காமல் போங்கள்.

நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிச் சோடா குடித்து உட்கார்ந்திருக்காதீர்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடனே கொடுக்கிறோம்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. ரத்தக் கட்டி பெரிதாகாமல் தடுத்துவிட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கான மருந்து இது. இதை விழுங்கிய பிறகு வலி குறைந்தது என்று வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

இங்கே இல்லாதது எது என்றால் சிசேரியன், பெரிய ஆபரேஷன், தீவிர சிகிச்சை. அதற்குக் காரைக்குடி, இல்லையென்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி, அதையும் தாண்டினால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. இங்கே எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைப் பத்திரமாகக் கொண்டு போங்கள். என்ன மருந்து எப்போது கொடுத்தோம் என்பது அதில்தான் இருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்றும், குடும்ப அட்டையும் ஆதாரும் வேண்டும்.

தை மாதம் வந்தால் எங்களுக்கு வேலை கூடும். சிராவயல் மஞ்சுவிரட்டில் காயம் பட்டவர்கள் வருவார்கள், அப்புறம் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். சர்க்கரை உள்ளவர்கள் யாத்திரைக்கு முன்பே வந்து பாதத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். தொட்டால் உணர்ச்சி இல்லாத கால் கொப்புளத்தைச் சொல்லாது. முருகனிடம் போகிற வழியில் புண் பட்டு, திரும்பி வந்து விரலை இழந்தவர் எங்கள் ஊரிலேயே உண்டு. மாத்திரையை யாத்திரையிலும் நிறுத்தாதீர்கள், தினமும் படுக்கும் முன் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பாருங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் சிலர், ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பார்கள். இரண்டு வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டின் முற்றத்தில் அண்டா, தொட்டி, உடைந்த ஜாடி எதிலும் மழைத் தண்ணீர் தேங்காமல் காவல்காரரிடம் சொல்லி வாரம் ஒருமுறை கவிழ்க்கச் சொல்லுங்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது. பொருளாகக் கொடுக்க வேண்டும் என்றால், நீங்களே முடிவு செய்து வாங்கி இறக்காமல் மருத்துவ அலுவலரைப் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள். பிரசவ அறைக்கு வெந்நீர் ஹீட்டர், துணைக்கு வருகிறவர்கள் உட்கார பெஞ்ச், மின்சாரம் போனால் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு மாற்று ஏற்பாடு என்று அவரிடம் ஒரு பட்டியல் இருக்கும். நோயாளர் நலச் சங்கத்தின் பெயரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.