ஸ்மார்ட் போர்டுக்கு உறை மாட்டியே இருப்பது ஏன்? தொடக்கப் பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பறைக்குத் தொடுதிரை ஸ்மார்ட் போர்டு வந்து ஆறு மாதமாகியும் உறை கழற்றப்படவில்லை என்றால், "டீச்சருக்கு ஆர்வம் இல்லை, வயசாகிவிட்டது" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அதே டீச்சர்தான் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். ஊரடங்குக் காலத்தில் பாடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியவரும் அவர்தான். மனிதர்கள் ஒரு புதுக் கருவியைக் கையில் எடுப்பது எதனால் என்பதற்கு 1989இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் சொன்ன விளக்கம் இரண்டு கேள்விகளில் அடங்கும்: இதனால் என் வேலைக்குப் பயன் உண்டா? கையாள எளிதா? தொடக்கப் பள்ளியில் இரண்டுக்கும் விடை நிமிடக் கணக்கில் வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடவேளை 40 நிமிடம். யூபிஎஸ்ஸைப் போட்டு, போர்டு தயாராக 2 நிமிடம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை இணைக்க இன்னொரு 2. பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, காணொளி சுற்றிச் சுற்றி நின்று ஓடத் தொடங்க 4. எட்டு நிமிடம் போச்சு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கையில் இரண்டு மூன்று வகுப்புகள். அவர் ஒயரைச் சரிபார்க்கக் குனிந்ததுமே முதுகுக்குப் பின்னால் நாலாம் வகுப்பு எழுந்துவிடும். மறுநாள் அவர் சாக்பீஸை எடுத்தால் அது சோம்பல் இல்லை, சரியான முடிவு.

ஆகவே வகுப்பு நேரத்தில் ஆசிரியரை இணையத்தை நம்பி நிற்க வைக்காதீர்கள். முந்தின நாள் மாலையே காணொளியை இறக்கி பென்டிரைவில் வைக்கலாம். எம்பி4 கோப்பாக, 720பி தரத்தில் இருந்தால் போதும். வேறு வடிவக் கோப்புகள் சில போர்டுகளில் சத்தம் மட்டும் வரும், படம் வராது. 'வகுப்பு3-கணக்கு-நேரம்' என்று பெயரிடுங்கள். 'வீடியோ_0047' என்று கிடந்தால் மூன்றாம் நாளே யாரும் தேட மாட்டார்கள். லேப்டாப்பில் ஓடியது போர்டிலும் ஓடும் என்று நினைக்காமல், போர்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மாட்டும் இடத்திலும் தவறு நடக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் காலை வெயிலில் பாதித் திரை வெளுத்துப்போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரமே மூன்றரை, நாலு அடிதான். போர்டின் கீழ்விளிம்பு நாலடியில் இருந்தால் தொடுதிரை இருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. இரண்டரை அடி பொருத்தமாக இருக்கும்.

அடுத்தது பெரும்பாலோர் வெளியில் சொல்லாத காரணம்: இருப்புப் பதிவேடு. பொருள் தலைமையாசிரியர் பெயரில் ஏறியிருக்கிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது? எனவே ரிமோட்டும் பேனாவும் பீரோவுக்குள், சாவி தலைமையாசிரியர் பையில். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் போர்டுக்கும் விடுமுறை. பயன்பாட்டில் பழுதானால் ஆசிரியர் கைக்காசு போட வேண்டியதில்லை என்பதை அதிகாரி எழுத்தில் கொடுத்தால் பாதிப் பூட்டு திறந்துவிடும். பொருத்திய தேதி, வரிசை எண், உத்தரவாதம் முடியும் தேதி, புகார் சொல்லும் போன் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி போர்டின் ஓரத்தில் ஒட்டுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொன்னால் கசப்புதான். அறுபது பேர், ஒரே போர்டு, பயிற்சி தரும் கருத்தாளர் மட்டும் தொடுகிறார், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கிறார்கள். அதைவிட, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் எட்டு எட்டுப் பேராக, ஒவ்வொருவரும் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தைத் தாமே ஏற்றி ஓட்டட்டும். சொல்லித் தருபவர் இதே போன்ற ஈராசிரியர் பள்ளிக்காரராக இருந்தால் பேச்சு எடுபடும். "அவங்க ஸ்கூல்லயே முடியுதுன்னா" என்ற எண்ணம் எந்தச் சுற்றறிக்கையாலும் வராது. இரண்டு வாரம் கழித்து அதே குழு மீண்டும் கூட வேண்டும். சந்தேகங்கள் அப்போதுதான் பிறந்திருக்கும்.

கருவி வந்தாலே கற்றல் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் கெடுதல். பெரு நாட்டில் 2008 முதல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இருபது நிமிடக் காணொளியைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பதும் அதே கதைதான். மூன்றாம் வகுப்பில் நேரம் பார்க்கக் கற்பிக்கும்போது முதலில் அட்டைக் கடிகாரத்தில் பிள்ளைகள் முள்ளைத் திருப்பட்டும். பிறகு போர்டில் பெரிய முள்ளை முழுச் சுற்று ஓட்டி, அடுத்த சுற்றில் பாதியில் நிறுத்தி, "சின்ன முள் இப்ப எங்க இருக்கும்?" என்று கேளுங்கள். மூன்றரை மணிக்குச் சின்ன முள் மூன்றின் மேலேயே நிற்கும் என்று பாதி வகுப்பு சொல்லும். அந்தத் தவறை அட்டையில் காட்டுவது சிரமம். இரண்டு முள்ளும் சேர்ந்து நகர்வதைத் திரையில் காட்ட அரை நிமிடம் போதும். இப்படி ஒரு பயனை ஒருமுறை கண்ட ஆசிரியருக்கு வேறு ஊக்கம் தேவைப்படாது.

வருகைப்பதிவு, மதிப்பீடு, நலத்திட்டப் பொருள் விவரம் எல்லாம் செயலி வழியாகவே கேட்கப்படும் இடத்தில், புதிய போர்டும் இன்னொரு பதிவேடாகத்தான் கண்ணில் படும். அதன்மேல் 'தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது' என்று கணக்குக் கேட்டால், யாரும் பார்க்காத கார்ட்டூன் மதியம் முழுக்க ஓடும், மணிக்கணக்கும் நிறைந்துவிடும். பள்ளியைப் பார்வையிடப் போகிற அதிகாரி மணிக்கணக்கைக் கேட்க வேண்டாம். எந்தப் பாடத்துக்குப் போட்டீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எது ஓடவில்லை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அங்கேயே குறித்துக்கொண்டு, புகார் எண்ணுக்கு ஆசிரியர் முன்னாலேயே போன் போடுங்கள்.