எல்லாமே வெடிப்பதில்லை: பொங்கு, பீறிடு, மூள், உடைப்பெடு – எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 டிசம்பர் 1, சென்னையில் வெள்ளம் ஏறிய இரவு. போன் டவர் முழுவதும் போவதற்கு முன்னால் சைதாப்பேட்டையில் இருந்த என் சித்திக்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்தது: ‘செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது.’ ஏரி உடைந்தால் மாடி வீடு கூட நிற்காது என்று பயந்து, இருட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் அவர் தெருவில் இறங்கிவிட்டார். மேல்வீட்டுப் பையன்தான் ஓடிவந்து கையைப் பிடித்தான். “ஆன்ட்டி, ஒடைஞ்சிருந்தா இந்நேரம் நாம இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டோம். மாடிக்கு வாங்க.”

அவன் சொன்னது சரி. ஏரி உடையவில்லை. மதகைத் திறந்து, அரசுக் கணக்குப்படி நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் விட்டார்கள். லிட்டரில் சொன்னால் நொடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். அதுவும் மழையும் சேர்ந்து ஊரை மூழ்கடித்தன. ஆனால் திறந்துவிட்ட தண்ணீர் ஏறி வரும்போது மாடிக்குப் போக நேரம் இருக்கும். கரை உடைந்து வரும் தண்ணீர் அந்த நேரத்தைத் தராது. என் சித்தி மாடி ஏறுவதா தெருவில் இறங்குவதா என்பதை அன்று ஒரு வினைச்சொல் முடிவுசெய்தது.

பல வருடங்களாகப் பிழை திருத்தும் வேலை செய்கிறேன். திடீரென்று வேகமாக வெளிப்படும் எதைப் பற்றி எழுதினாலும், இப்போது எல்லார் கையும் முதலில் ‘வெடித்தது’ என்ற சொல்லுக்குத்தான் போகிறது. தமிழில் இதற்கு ஒரு சொல் அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. அடைத்து வைத்திருந்தது எது, வெளியே வந்தது எது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

ஏரியிலிருந்தே தொடங்குகிறேன். நிரம்பிய ஏரி, உபரி நீர் வெளியேறுவதற்கென்று கட்டிய கலங்கலில் வழியும். மதகைத் திறந்தால் பாயும். கரை தாங்காமல் போனால்தான் ‘உடைப்பெடுத்தது’ அல்லது ‘கரை உடைந்தது’. இந்த மூன்றையும் ஒன்றாக்கி எழுதுவது மொழிப்பிழை மட்டுமில்லை. மழைக்காலத்தில் செய்தி அனுப்புகிறவர்கள் இதை ஒரு நொடி யோசிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்து ‘வெடி’. இதன் அடிப்படைப் பொருள் பிளப்பதுதான். பருத்தி வெடிக்கிறது, வறண்ட நிலம் வெடிக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பு வருகிறது. இவற்றில் சத்தமும் இல்லை, தீயும் இல்லை. பட்டாசும் குண்டும் வெடிப்பது அதே சொல்லின் இன்னொரு முகம். அதனால் ‘மெட்ரோ வாட்டர் குழாயில் வெடிப்பு’ என்று தலைப்பு வைத்தால், விரிசலா, அழுத்தம் தாங்காமல் குழாய் பிளந்ததா, குண்டா என்று படிப்பவர் திகைப்பார். விரிசல் என்றால் விரிசல் என்றே எழுதுங்கள். ‘சிலிண்டர் வெடித்தது’ என்பதும் இப்படித்தான். கேஸ் கசிந்து அறையில் பரவித் தீப்பிடித்திருந்தால் சிலிண்டர் வெடிக்கவில்லை. அது பெரும்பாலும் முழுதாகவே இருக்கும்.

குழாய் பிளந்த பிறகு தண்ணீர் என்ன செய்கிறது? ‘தண்ணீர் வெடித்தது’ என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். வெடித்தது குழாய், தண்ணீர் பீறிட்டது. இடுக்கு வழியாக அழுத்தத்தோடு வருவது பீறிடும். ரத்தம் பீறிடும், அழுகை பீறிடும். இதில் வல்லின ‘ற’தான் வரும். ‘பீரிட்டது’ பிழை. பீய்ச்சுவது வேறு, அதற்குப் பீய்ச்சுகிற ஒரு ஆள் வேண்டும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், பால்காரர் மடியிலிருந்து பாலைப் பீய்ச்சுவார். ஐப்பசி மழையில் நம் தெருவில் பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறதே, அது இரண்டும் இல்லை, அது கொப்பளிக்கிறது.

பொங்குவதற்குத் திடீர் என்ற பொருள் அவ்வளவாக இல்லை. அடியிலிருந்து எழுந்து, விளிம்பைத் தாண்டுவதுதான் பொங்குவது. பொங்கல் பானையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது அந்தப் பெயரே நம்மில் பலருக்குத் தெரியாது. கடற்கரைக் குப்பங்களில் இருந்தவர்கள் ‘கடல் பொங்கி வந்துடுச்சு’ என்றார்கள். அதைவிடத் துல்லியமான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சாதாரண அலை போல் மடிந்து விழாமல், கடலே எழுந்து உள்ளே நடந்து வந்தது. அதை அந்த ஒரு வினை சொல்லிவிட்டது. ‘கடல் சீற்றம்’ வேறு. அது காற்றில் அலை கொந்தளிப்பது, மீனவர்கள் படகை இறக்காமல் இருப்பதற்கான எச்சரிக்கை.

சீறுவதில் சத்தமும் உண்டு, திசையும் உண்டு. பாம்பு சீறும், காளை சீறிப் பாயும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் சீறிப் பாயும். 2023 ஜூலை 14 மதியம் சந்திரயான்-3 கிளம்பியதைப் பற்றி ஒரு மாணவர் ‘ராக்கெட் வெடித்துக் கிளம்பியது’ என்று கட்டுரையில் எழுதியிருந்தார். ராக்கெட் வெடித்தால் அங்கேயே கதை முடிந்தது!

‘போர் வெடித்தது’, ‘நோய் வெடித்தது’ இரண்டும் ஆங்கிலச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கும்போது நுழைந்தவை என்றே நினைக்கிறேன். நமக்கு ‘மூண்டது’ இருக்கிறது. தீ மூளும், போர் மூளும், கலகம் மூளும், கோபமும் மூளும். மூள்வது தானாக, மூட்டுவது ஒருவர் செய்வது. ‘கலவரம் மூண்டது’, ‘கலவரத்தை மூட்டினார்கள்’ என்று எழுதும்போது யார் பொறுப்பு என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நோய் மூளாது, வெடிக்காது. பரவும், தொற்றும், தலைகாட்டும். 2020இல் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியது, வெடிக்கவில்லை. ‘போராட்டம் வெடித்தது’ பழகிவிட்டது, அதை நான் அடிப்பதில்லை. ஆனால் 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அது பொருந்தாது. சிலராக வந்து, பிறகு நூறாகி, லட்சமாகத் திரண்ட கூட்டம் அது.

சமையலறையில் கடுகு வெடிக்கும், எண்ணெய் தெறிக்கும், கைதவறிய கண்ணாடி சிதறும். இங்கே யாரும் தவறு செய்வதில்லை, அதனால் கடந்துபோகிறேன்.

ஒரே எழுத்தில் பொருள் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. ‘அவருக்குக் கோபம் பொத்திக்கொண்டு வந்தது’ என்று எழுதுகிறார்கள். பொத்துவது மூடுவது, வாயைப் பொத்துவோம், காதைப் பொத்துவோம். ஓட்டை விழுந்து வெளியே வருவது ‘பொத்துக்கொண்டு’. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அப்புறம் அழுகை. குமுறுவது உள்ளே நடப்பது, எரிமலை வெடிக்கும் முன் குமுறுவதைப் போல. விம்மும்போது அடக்கியது பாதி வெளியே வந்திருக்கும். வெடித்து அழும்போது அடைப்பு போயிருக்கும். கதறும்போது தெருவுக்கே கேட்கும். ‘அவள் சத்தமாகக் குமுறினாள்’ என்று இருந்தால் நான் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பேன்: உள்ளே அழுதாளா, வெளியே அழுதாளா?

அந்த டிசம்பர் இரவு மாடியில் உட்கார்ந்திருந்த சித்தி, விடியும்வரை குமுறிக்கொண்டுதான் இருந்தாராம். மூன்று நாள் கழித்து என் குரலைப் போனில் கேட்டதும்தான் வெடித்து அழுதார்.