துருக்கி மொழியில் ‘டிஸெபிலிட்டி’: மொழிபெயர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கி மொழி ஆவணங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது என் பிழைப்பு. இப்போதெல்லாம் நானே மொழிபெயர்ப்பதைவிடப் புதியவர்கள் செய்ததைச் சரிபார்ப்பதுதான் அதிகம். மருத்துவச் சான்று, ஓய்வூதியக் கடிதம், ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் என்று எது வந்தாலும், மாற்றுத்திறனாளிகள் சம்பந்தப்பட்ட தாள் என்றால் எல்லோரும் அதே நாலைந்து இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். நானும் அங்கெல்லாம் விழுந்து எழுந்தவன்தான் என்பதால் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. எழுத்துப் பிழை, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. கொஞ்ச நாள் வேலை பார்த்தால் தானே போய்விடும்.

முதலில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் டிஸெபிலிட்டி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் சமாளித்துவிடும். துருக்கியில் அப்படி நடக்காது. சட்டத்தில் அது ‘எங்கெல்லி’, ஓய்வூதியத்தில் ‘மாலுல்’, மனநல மருத்துவர்களின் கட்டுரையில் ‘யெத்தி யித்திமி’, சமூகவியல் துறையில் பல நேரம் ‘சகத்லிக்’. தாளைக் கையில் எடுத்ததும் இதை எந்த அலுவலகம் எழுதியது, எதற்காக எழுதியது என்று பாருங்கள். சொல்லைத் தேடுவது அப்புறம்.

‘சகத்’ என்றதும் பதறுவது

சகத் என்பது கொச்சையான, புண்படுத்தும் சொல் என்று எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள். ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் புண்படுத்துவதுதான், மறுக்கவில்லை. ஆனால் துருக்கி நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அது தினமும் வரும். கலத்தசராய் அணியில் மூன்று பேர் சகத் என்றால், யாருக்கோ தொடைத் தசை பிடித்துக்கொண்டது, யாருக்கோ கணுக்கால் சுளுக்கிக்கொண்டது என்று அர்த்தம். இதைப் போய் ‘அணியில் மூன்று மாற்றுத்திறனாளிகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய பிள்ளையை நான் திட்டக்கூட இல்லை, சிரித்துவிட்டேன். வில்லங்கமான பேரமும் சகத்தான். குடல், ஈரல் வகையறாவுக்குக் கசாப்புக் கடையில் சொல்லும் ‘சகதாத்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு பக்கம், துருக்கியில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களில் பலர் வேண்டுமென்றே சகத் என்ற சொல்லைத்தான் எடுத்து ஆள்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த மெருகேற்றிய பெயர் எங்களுக்கு வேண்டாம், வசைச் சொல்லையே எங்கள் சொல்லாக்கிக்கொள்கிறோம் என்ற நிலைப்பாடு அது. அந்தக் கட்டுரையில் வரும் சகத்லிக்குக்கு ஆங்கிலத்தில் சாதாரணமாக டிஸெபிலிட்டி என்றே போடலாம். ‘கிரிப்பிள்ட்’ என்று போட்டால் அந்தப் பேராசிரியர் உங்களிடம் மறுபடி வேலை கொடுக்க மாட்டார்.

110 மீட்டர் எங்கெல்லி

எங்கெல் என்றால் தடை. இது தடை தாண்டும் ஓட்டம், வேறொன்றும் இல்லை.

மாலுலும் எங்கெல்லியும் ஒன்றுதான் என்று நினைப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு காலமாகியும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது.

துருக்கியில் அரசிடமிருந்து வரக்கூடிய பணம் ஒன்றல்ல. ஒன்று மாலுல் ஓய்வூதியம். 5510 என்ற எண்ணுள்ள சமூகக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. வேலை பார்த்து, சந்தா கட்டி, அதன்பின் உடல்நிலை கெட்டு, வேலை செய்யும் திறனில் குறைந்தது 60 விழுக்காட்டை இழந்தவருக்கு அது. பொதுவாக 10 ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், 1800 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இன்னொன்று எங்கெல்லி உதவித்தொகை. இதற்குச் சந்தாவும் கிடையாது, வேலை பார்த்த கணக்கும் கிடையாது. மருத்துவக் குழு அறிக்கையில் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும், வீட்டில் தலைக்கு வரும் வருமானம் நிகரக் குறைந்தபட்ச ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். முதலாவது உரிமைப் பணம், இரண்டாவது ஏழ்மைக்கான உதவி. அளக்கும் கோலும் வேறு: ஒன்று வேலைத்திறன் இழப்பைக் கணக்கிடுகிறது, மற்றது உடலின் குறைபாட்டை.

இரண்டையும் ‘டிஸெபிலிட்டி பென்ஷன்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நம் கைக்கு வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை மிகக் குறைவான ஒருவர். பல வருடம் வேலை பார்த்தவர், மாலுல் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார், மறுத்துவிட்டார்கள். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது: முதன்முதலாக வேலையில் சேர்வதற்கு முன்பே ஒருவருக்கு அந்த 60 விழுக்காட்டு இழப்பு இருந்திருந்தால், அதே குறையைக் காட்டி மாலுல் ஓய்வூதியம் வாங்க முடியாது. காப்பீடு என்பது பின்னால் வரும் ஆபத்துக்குத்தான் என்பது அந்த ஏற்பாட்டின் தர்க்கம். இப்படிப்பட்டவர்களுக்கு அதே சட்டம் வேறொரு வழி வைத்திருக்கிறது: 15 ஆண்டு காப்பீடும் 3960 நாள் சந்தாவும் இருந்தால் வயதைப் பார்க்காமல் முதியோர் ஓய்வூதியம் தருவார்கள்.

அந்த மறுப்புக் கடிதத்தை ஒரு புதிய ஆள் ஆங்கிலப்படுத்தினார். ‘விண்ணப்பதாரர் மாலுல் எனக் கருதப்பட முடியாது’ என்ற வரி, அவர் கையில் ‘விண்ணப்பதாரர் மாற்றுத்திறனாளி அல்ல என்று கண்டறியப்பட்டது’ என்று ஆகிவிட்டது. கோப்பின் அடுத்த தாளே மருத்துவக் குழு அறிக்கை. அதில் விழுக்காடு கொட்டை எழுத்தில் இருக்கிறது. வெளிநாட்டு அலுவலகத்தில் இருந்தவர் என்ன நினைப்பார்? ஒரே அரசாங்கம், ஒரு தாளில் குறைபாடு உண்டு என்கிறது, மறு தாளில் இல்லை என்கிறது. ஆக ஏதோ ஒன்று போலி. அறிக்கை உண்மையா என்று மறுபடி சான்று கேட்டார்கள், உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள், அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் அலைந்தது. இதில் என்னை அதிகம் கொதிக்க வைத்தது என்னவென்றால், அந்தக் கடிதம் உண்மையில் சொன்னது நேர் எதிரானது. இவருடைய குறைபாடு வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பிரிவில் தர முடியாது என்று அது எழுதியிருந்தது. அவர் பக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது! அதை அவருக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டு, மொழிபெயர்ப்பு வாங்கிக்கொடுத்த ஏஜென்சி ‘சின்ன வார்த்தைப் பிரச்சினைதான் சார்’ என்றது.

சரி, என்ன எழுதலாம்? மாலுல் ஓய்வூதியத்துக்கு ‘இன்வாலிடிட்டி பென்ஷன்’ என்று எழுதுங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், ‘இன்வாலிட்’ என்பது அவமதிப்பான சொல்லாயிற்றே என்கிறார்கள். ஒரு மனிதரை அப்படி அழைத்தால் அவமதிப்பு. காப்பீட்டுப் பிரிவின் பெயராக அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் உடன்படிக்கை வரிசைப்படுத்தும் ஒன்பது பலன்களில் ஒன்றின் பெயரே அதுதான். ஐரோப்பிய ஓய்வூதிய அலுவலர்களுக்கு அதைப் பார்த்ததும் புரியும். எங்கெல்லி உதவித்தொகைக்கு ‘டிஸெபிலிட்டி அலவன்ஸ்’ போட்டு, பக்கத்தில் சட்ட எண்ணையும் எழுதிவிடுங்கள். மறுப்புக் கடிதம் என்றால், எந்தப் பிரிவின் கீழ் மறுப்பு என்பதை ஒரு வரி மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் போட்டால் தப்பே இல்லை. அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டுத்தான் மேலே சொன்ன கதை நடந்தது.

போரில் காயம்பட்ட ராணுவ வீரருக்கும் மாலுல் என்பதே வரும், கூடவே காஸி என்ற மரியாதைப் பட்டமும். அவருக்கான ஓய்வூதியம் வேறு கணக்கு. அதையும் இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

2022ஆம் சட்டம்

1976இல் வந்தது. 2022 என்பது சட்டத்தின் எண். மேலே சொன்ன எங்கெல்லி உதவித்தொகை இதன் கீழ்தான் வருகிறது, அதனால் இந்த எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஆண்டு என்று எழுதுவார்.

விழுக்காட்டைக் கூட்டிப் பார்த்து ‘திருத்துவது’

அறிக்கையில் கண்ணுக்கு 30, காதுக்கு 20, மொத்தம் 44 என்று இருக்கும். மருத்துவமனைக்காரர்கள் கணக்கில் தப்பு செய்துவிட்டார்கள் என்று நினைத்து 50 என்று மாற்றி எழுதிய புண்ணியவான்கள் இருக்கிறார்கள். துருக்கியில் பல குறைபாடுகளைச் சேர்க்கும்போது பல்தஸார் சூத்திரம் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய எண்ணை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், 30. மீதி 70. அந்த 70இல் 20 விழுக்காடு, அதாவது 14. ஆக 44. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இல்லாவிட்டாலும் திருத்துவது நம் வேலை இல்லை. தாளில் இருப்பதை எழுதுவதுதான். வேலை ஒதுக்கீட்டுக்கு 40, வருமானவரிச் சலுகையில் 40, 60, 80 என்று படிகள் எல்லாம் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, விளையாடாதீர்கள்.

12.29 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவது

துருக்கி மக்கள்தொகையில் 12.29 விழுக்காடு மாற்றுத்திறனாளிகள் என்று 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் காட்டி எழுதாத ஆள் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அதில் 9.70 நீடித்த நோய் உள்ளவர்கள். கை கால், பார்வை, செவி, பேச்சு, அறிவு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகள் எல்லாம் சேர்ந்து 2.58தான். அந்தக் கணக்கெடுப்பில் இருந்த சொல் ஒஸுர்லு, ‘குறை உள்ளவர்’ என்று பொருள், எங்கெல்லிக்கு முன் அரசு ஆண்டது. அதற்குள் இரண்டையும் அடைத்திருந்தார்கள். அப்புறம் 2011இல் மக்கள்தொகை, வீட்டுவசதி ஆய்வு வந்தது. அது நோயின் பெயரைக் கேட்கவில்லை. பார்ப்பதில் சிரமம் உண்டா, நடப்பதில் உண்டா என்று மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிக் கேட்டது. விடை 6.9. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பத்தாண்டுகளில் பாதியாகக் குறைந்துவிட்டது’ என்று ஒருவர் அறிக்கைக்கு முன்னுரையே எழுதியிருந்தார். யாரும் குணமாகவில்லை, கேள்வி மாறியது, அவ்வளவுதான்.

பழைய தாளுக்குப் புதுப் பெயர் வைப்பது

2005ஆம் ஆண்டின் 5378ஆம் சட்டம் பிறந்தபோது அதன் பெயரில் ஒஸுர்லு என்றுதான் இருந்தது. 2013இல் 6462ஆம் சட்டம் வந்து, மற்ற சட்டங்களில் இருந்த ஒஸுர்லு, சகத் போன்ற சொற்களை எங்கெல்லி என்று மாற்றியது. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் 5378ஆம் சட்டம் வந்தால் அன்றைய பெயரைத்தான் எழுத வேண்டும். அதே சமயம், அன்றைக்கு ஒஸுர்லு என்பது அரசாங்கத்தின் சாதாரணச் சொல். அதை ‘டிஃபெக்டிவ்’ என்று ஆங்கிலப்படுத்தி அந்த நீதிபதியைக் கொடுமைக்காரர் ஆக்க வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், சாதாரணச் சட்டத்தால் அரசியலமைப்பைத் தொட முடியாது. அதனால் அரசியலமைப்பின் 61ஆம் பிரிவில் இன்றும் சகத் இருக்கிறது. 2010இல் திருத்திய 10ஆம் பிரிவில் ஒஸுர்லு இருக்கிறது. நாட்டின் உச்ச ஆவணத்தில் இரண்டு பழைய சொற்களும் உட்கார்ந்திருக்க, கீழே உள்ள சட்டங்கள் எல்லாம் எங்கெல்லி என்று பேசுகின்றன. ‘துருக்கி சகத்தை ஒழித்துவிட்டது’ என்று எழுதும் முன் இதைப் பாருங்கள்.

ஆங்கிலப் பக்கத்தில்: ‘டிஸேபிள்ட் பீப்பிள்’ என்பதைத் திருத்துவது

மனிதரை முன்னால் வைத்து ‘பீப்பிள் வித் டிஸெபிலிட்டீஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க ஆவணங்களுக்கும் ஐ.நா. உடன்படிக்கைக்கும் அது பொருந்தும். பிரிட்டனில் கதை வேறு. 1976இல் யூபியாஸ் என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு, உடலில் இருப்பது இம்பேர்மென்ட், அதன் மேல் சமூகம் சுமத்துவதுதான் டிஸெபிலிட்டி என்று இரண்டையும் பிரித்துவைத்தது. அந்தக் கணக்குப்படி டிஸெபிலிட்டி ஆளிடம் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது. ஆகவே ‘டிஸேபிள்ட் பீப்பிள்’ என்றால் முடக்கப்பட்ட மனிதர்கள். அதைப் போய்த் திருத்தினால் அவர்கள் வாதமே போய்விடும்.

எங்கெல் என்றால் தடை, அதனால் எங்கெல்லியும் இதே கருத்துதான் என்று ஒரு கூட்டம் கிளம்பும். சொல்லை நன்றாகப் பாருங்கள்: தடை உள்ளவர் என்றுதான் அது சொல்கிறது, தடுக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சிறப்புக் கல்விப் பாடநூல்களில் எங்கெல் என்பது ஹேண்டிகேப்புக்குத் தந்த சொல். அங்கே டிஸெபிலிட்டி ‘யெத்தெர்ஸிஸ்லிக்’. உலக சுகாதார அமைப்பு 1980இல் போட்ட இம்பேர்மென்ட், டிஸெபிலிட்டி, ஹேண்டிகேப் என்ற மூன்றடுக்குப் பிரிவின் எச்சம் அது. அமைப்பே 2001இல் அதைக் கைவிட்டது, பாடநூல்கள் விடவில்லை.

‘டிஃபரன்ட்லி ஏபிள்ட்’

வேண்டாம். அது தமிழ்நாட்டிலிருந்து நாம் தூக்கிக்கொண்டு வரும் பழக்கம். எங்கெல்லிக்குள் திறன் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

குழந்தையின் அறிக்கையில் விழுக்காடு போடுவது

2019இலிருந்து பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் விதிமுறை தனித்தனி. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அறிக்கையில் எங்கெல்லி என்று முத்திரை குத்துவதில்லை, சிறப்புத் தேவை உண்டு என்று லேசான நிலை, நடுத்தர நிலை, தீவிர நிலை என்கிற மாதிரிப் படிகளில் எழுதுகிறார்கள். ‘ஸ்பெஷல் நீட்ஸ்’ என்பது ஆங்கிலத்தில் இப்போது பலருக்குப் பிடிக்காத சொல் என்று தெரியும், இருந்தாலும் இங்கே அதுதான் ஆவணத்தின் பெயர், அப்படியே விடுங்கள். விழுக்காடு எங்கே என்று வாடிக்கையாளர் கேட்பார், வெளிநாட்டுப் பள்ளியும் கேட்கும். ஒவ்வொரு படிக்கும் இணையான எண் வரம்பு உண்டு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் மொழிபெயர்ப்புக்குள் அதைச் சொருகாதீர்கள். படியின் பெயரை உள்ளபடி எழுதி, இந்த வகை அறிக்கையில் எண் இடம்பெறாது என்று அடியில் குறிப்புப் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.